ஆறு சனிக்கிழமைகளும் ஒரு கோட்டுப் படமும்: குழு நடத்துபவர்களுக்கான பயிற்சிக்குப் போய் வந்தேன்

பயிற்சியின் மூன்றாவது சனிக்கிழமை மதியம் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் எட்டு சின்ன வட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு நாற்காலி. யார் யாரைப் பார்த்துப் பேசினார்களோ அவர்களுக்கு நடுவே ஒரு கோடு. நான் 20 நிமிடம் ஒரு குழுவை நடத்திக் காட்டியதை, மூலையில் உட்கார்ந்திருந்த ஒருவர் அப்படியே கோடுகளாகப் போட்டிருந்தார். எல்லாக் கோடுகளும் என் வட்டத்துக்கு வந்தன, இல்லையென்றால் என் வட்டத்திலிருந்து போயின. சைக்கிள் சக்கரத்துக் கம்பி மாதிரி. மற்ற ஏழு பேருக்குள் ஒரு கோடுகூட இல்லை. அடியில் பென்சிலால் எழுதியிருந்தது: 20 நிமிடத்தில் நீங்கள் பேசியது 12 நிமிடம்.

நோயாளிகளின் குடும்பத்தாருக்காக ஆறு வருடமாகக் குழு நடத்துகிறேன். இதை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்ல அவர்களுக்கு இடம் கொடுத்தேனா என்பதே அன்றைக்குத்தான் சந்தேகமாக வந்தது.

எங்கள் குழுவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பயிற்சியை நான் ஏன் இப்படி மதிப்பிடுகிறேன் என்று புரியாது. என் கணவருக்கு இனிப்புநீரால் (சர்க்கரை நோயால்) சிறுநீரகம் போய், வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். உள்ளே அவர் படுத்திருக்க, வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் நான். என்னோடு இன்னும் ஐந்தாறு மனைவிமார்கள், ஒரு மகன், ஒரு மாமியார். அந்தக் காத்திருப்பில் தொடங்கிய பேச்சுதான் பிறகு கோலாலம்பூர் செந்தூலில் ஒரு சின்ன மண்டபத்தில் மாதம் இரண்டு ஞாயிறு கூடும் குழுவாக ஆனது. கணவர் தவறி இரண்டு வருடம் ஆகிறது. குழுவை நான் விடவில்லை. நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தார் ஒன்பது பத்துப் பேர் வருவார்கள். நான் ஆலோசகர் இல்லை, ஓய்வு பெற்ற அலுவலகக் கிராணி (எழுத்தர்). யாராவது நடத்த வேண்டும் என்பதால் நடத்தியவள்.

பயிற்சி நடத்தும் அமைப்பின் பெயரை இங்கே போடவில்லை. சிறிய இடம், நல்ல மனிதர்கள், ஆனால் குறைகளையும் எழுதப் போகிறேன். பிரிக்பீல்ட்ஸில், மோனோரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு கடைவீட்டின் மூன்றாவது மாடி. மின்தூக்கி கிடையாது. ஆறு சனிக்கிழமை, காலை 9 முதல் மாலை 5 வரை. கட்டணம் 1,350 வெள்ளி (ரிங்கிட்), இரண்டு தவணையாகக் கட்டலாம். காலைத் தேநீரும் பலகாரமும் தருகிறார்கள், மதியச் சாப்பாடு நம் பொறுப்பு. பிரிக்பீல்ட்ஸில் அது ஒரு கவலையே இல்லை. குளிரூட்டியை ஏனோ அவ்வளவு குறைத்து வைக்கிறார்கள், சால்வை எடுத்துப் போங்கள். நான் செந்தூலிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் போய் அங்கிருந்து நடந்தேன்.

14 பேர் இருந்தோம். பள்ளி ஆலோசகர்கள் இருவர், முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் ஒரு சீனப் பெண், குடியை விட்டவர்களுக்காக கிள்ளானில் குழு நடத்தும் ஒரு தம்பி, குடும்ப வன்முறையிலிருந்து வெளியே வந்த பெண்களோடு வேலை செய்யும் இரண்டு மலாய்ப் பெண்கள், இப்படி. பயிற்சியாளர்கள் இருவர். ஒருவர் பதிவு பெற்ற ஆலோசகர், ஐம்பது வயதைத் தாண்டிய தமிழ்ப் பெண்மணி. இன்னொருவர் நாடகத்திலிருந்து சமூகப் பணிக்கு வந்த இளைஞர்.

முதல் சனிக்கிழமை முழுக்க வரலாறும் கோட்பாடும். ஒரு நாள் அதிகம். அரை நாளில் முடித்திருக்கலாம். இருந்தாலும் ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. 1905-இல் பாஸ்டனில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனைக்குப் போக வசதியில்லாத காசநோயாளிகளை வாரம் ஒரு முறை கூட்டி வகுப்பு மாதிரி நடத்தினார். ஓய்வு, காற்று, உணவு பற்றிச் சொல்லிக் கொடுக்கத்தான் கூட்டினார். ஆனால் ஒருவரை ஒருவர் பார்ப்பதிலேயே அவர்களுக்குத் தெம்பு வந்தது. குழுச் சிகிச்சையின் தொடக்கங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்கு டயாலிசிஸ் நிலையத்து நீல நிற நாற்காலிகள் ஞாபகம் வந்தன. நாங்களும் நோயைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் பேச ஆரம்பித்தோம்.

அப்புறம் இர்வின் யாலோம். குழுவில் மனிதரைத் தேற்றும் காரணங்கள் என்று இந்த அமெரிக்க மனநல மருத்துவர் 11 சொல்கிறார். தகவல் தருவது அதில் ஒன்றே ஒன்று. மற்றவற்றில், ‘எனக்கு மட்டும் இல்லை’ என்று தெரிவது, அடுத்தவருக்கு உதவ முடிவது, நம்பிக்கை பிறப்பது, ஒட்டுறவு எல்லாம் இருக்கின்றன. நான் ஆறு வருடமாக அந்த ஒன்றைத்தான் செய்துகொண்டிருந்தேன். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, பெலிம்பிங் என்ற நட்சத்திரப் பழம் அறவே கூடாது, தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், காய்கறியை நறுக்கி வேகவைத்து அந்த நீரைக் கொட்ட வேண்டும். அத்தனையும் சரியான தகவல்தான். ஆனால் கூட்டத்தின் பாதி நேரம் அதுவாகவே போனது.

சரி, அந்தக் கோட்டுப் படத்துக்கு வருகிறேன். இந்தப் பயிற்சிக்குக் காசு கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் அதில்தான் இருக்கிறது. மனிதர்களுக்கு நடுவே உள்ள தொடர்பைக் கோடுகளாக வரைந்து பார்க்கும் முறையை 1930களில் கொண்டு வந்தவர் ஜேக்கப் மொரேனோ என்ற மருத்துவர். அதை எளிமையாக்கித்தான் இங்கே பயன்படுத்துகிறார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து ஐந்தாவது வாரம் வரை, ஒவ்வொருவரும் இரண்டு முறை ஒரு குழுவை நடத்த வேண்டும். மற்றவர்கள் உறுப்பினர்களாக உட்காருவார்கள். ஒருவர் கோடு போடுவார். பயிற்சியாளர் நடுவில் நிறுத்திக் கேட்பார்: ‘இப்போது ஏன் பேசினீர்கள்?’ திட்டவே மாட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் கேட்கிற மாதிரி கேட்பார்.

நான் ஏன் பேசினேன்? அமைதி தாங்கவில்லை. ஒருவர் கண் கலங்கி நிற்கும்போது, மற்றவர்கள் தரையைப் பார்க்கும்போது, அந்த நிமிடத்தை ஏதாவது சொல்லி மூடிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றும். அதற்கு அவர் கொடுத்த வழி மிகச் சாதாரணமானது. கேள்வியைக் கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். மெதுவாக. எட்டு வந்ததும் வாய் திறக்கும், திறக்காதீர்கள்.

அதற்கு அடுத்த ஞாயிறே எங்கள் குழுவில் செய்து பார்த்தேன். லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஓர் ஐயா, மனைவிக்காக வருபவர். எட்டு மாதமாக வருகிறார். எது கேட்டாலும் ‘நல்லாதான் போகுதும்மா’ என்பார். அன்றைக்கு, ‘இந்த ரெண்டு வாரத்துல ராத்திரி எப்படிப் போச்சு?’ என்று பொதுவாகக் கேட்டுவிட்டு எண்ணினேன். ஏழு எண்ணியிருப்பேன். அவர் பேசினார். ‘நடு ராத்திரி ஃபிரிட்ஜ் தொறக்கற சத்தம் கேக்கும். ஐஸ் கட்டி எடுத்து வாயில போட்டுக்குவா. தாகம். நான் தூங்கற மாதிரி படுத்துக்குவேன்.’

ஐஸும் தண்ணீர்தான், அதையும் அளவில் சேர்க்க வேண்டும் என்ற பாடம் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேன். எதிரே இருந்த ரவாங்கிலிருந்து வரும் அக்கா, என்னைப் பார்க்காமல் நேராக அவரைப் பார்த்து, ‘ஐயா, நானும் அப்படித்தான் படுத்துக்குவேன்’ என்றார். பிறகு இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பது துரோகமா, பாசமா என்று. நான் இருபது நிமிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐஸ் கணக்கைக் கூட்டத்தின் கடைசியில், தேநீர் குடிக்கும்போது, தனியாக அந்த ஐயாவிடம் சொன்னேன். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பேச ஆரம்பித்தால் நிறுத்தாத பெரியவர்கள். வெள்ளைக்காரர் எழுதிய பாடத்தில் ‘நேரத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று நினைவூட்டுங்கள்’ என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. எழுபது வயதுப் பெரியவரிடம், அதுவும் கோயில் கமிட்டியில் இருப்பவரிடம், அப்படிச் சொன்னால் அடுத்த வாரம் அவர் வரமாட்டார். அவர் வீட்டாரும் வரமாட்டார்கள். இதை நான் கேட்டபோது தமிழ்ப் பயிற்சியாளர் ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழிலேயே செய்து காட்டினார். உடம்பைச் சற்று முன்னால் சாய்த்து, கையைத் தன் நெஞ்சில் வைத்து, ‘ஐயா, நீங்க இப்ப சொன்னீங்களே, அந்த ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டேன். அதை அந்தத் தங்கச்சிகிட்டயும் கேட்டுப் பாக்கலாமா?’ பேச்சு வெட்டுப்படவில்லை, கைமாறியது. இந்த ஒரு வாக்கியத்தை நான் இதுவரை ஐந்தாறு முறை பயன்படுத்திவிட்டேன். ஒருவரும் முகம் சுருங்கவில்லை.

நாடக இளைஞர் நடத்திய பகுதியில் எனக்குப் பிடித்தது வேடம் கலைப்பது. பயிற்சிக்காக ஒருவர் குடிகாரராக, ஒருவர் மகனை இழந்தவராக நடிக்கிறோம். முடிந்ததும் அப்படியே எழுந்து சாப்பிடப் போக விடுவதில்லை. சட்டையில் குத்திய பெயர் அட்டையைக் கழற்றி, கையை உதறி, சொந்தப் பெயரைச் சொல்லி, காலையில் என்ன பசியாறினோம் என்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரித் தெரிந்தது. நான்காவது வாரம் எனக்கே அது தேவைப்பட்டது. முதியோர் இல்லத்துப் பெண், டயாலிசிஸை நிறுத்திவிடப் போகிறேன் என்று சொல்லும் நோயாளியாக நடித்தார். நான்தான் குழு நடத்துபவர். என் குரல் போய்விட்டது. பயிற்சியாளர் நிறுத்தி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ‘இப்ப யாருக்குப் பதில் சொல்றீங்க?’ என்று கேட்டார். என் கணவருக்குத்தான். கடைசி மாதங்களில் அவரும் அதைச் சொன்னார், நான் காது கேட்காத மாதிரி கஞ்சி கரைத்துக்கொண்டிருந்தேன். அன்று நன்றாக அழுதேன். பிறகு பெயர் அட்டையைக் கழற்றி, காலையில் இரண்டு தோசை என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தவறும் நடந்தது. அலுவலகப் பையன் ஒருவன் வாசலில் நின்று போன் கேமராவில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். மாலையில் அவர்களுடைய முகநூல் பக்கத்தில் என் படம். முகம் பாதிதான் தெரிந்தது, ஆனால் என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். வட்டத்துக்குள் பேசியது வட்டத்தை விட்டுப் போகக்கூடாது என்று காலையில் பாடம் நடத்திய இடம் அது. நான் அழைத்துச் சொன்ன அரை மணி நேரத்தில் நீக்கினார்கள், அடுத்த வாரம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டார்கள், இனிமேல் முதல் நாளிலேயே எழுத்தில் சம்மதம் வாங்குவதாகச் சொன்னார்கள். மன்னிப்பை ஏற்றுக்கொண்டேன். ஆனால் சேரப் போகிறவர்கள் முதல் நாளே கேட்டுவிடுங்கள், படம் எடுப்பீர்களா என்று.

நம் ஊரில் இந்த ரகசியக் காப்பு சின்ன விஷயம் இல்லை. யார் யாருக்கு என்ன உறவு என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். மகன் குடிக்கிறான் என்று ஓர் அம்மா சொன்னது, மகளைப் பெண் கேட்டு வருகிறவர் காதில் விழுந்தால் என்ன ஆகும்? பயிற்சிக்குப் பிறகு எங்கள் குழுவின் புலனத்தில் (வாட்ஸ்அப்) கூட்ட நாளும் நேரமும் மட்டும்தான் போடுகிறோம். ஆறுதல் வார்த்தையைக்கூட அங்கே போடுவதில்லை, ஏனென்றால் ஆறுதல் சொன்னாலே நடந்தது தெரிந்துவிடும்.

எல்லைகளைப் பற்றிய ஐந்தாவது வாரம் மிகத் தெளிவாக இருந்தது. 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி, பதிவு இல்லாமல் ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. நாம் யார், யார் இல்லை என்பதை முதல் கூட்டத்திலேயே குழுவுக்குச் சொல்ல வேண்டும். ஒருவர் சாக நினைப்பதாகத் தோன்றினால் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்க வேண்டும், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடக்கூடாது. 15999 தாலியான் காசே, 15555 ஹீல், அரசின் இந்த இரண்டு உதவித் தொலைபேசி எண்களையும் நடத்துபவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாகக் கருதிய சட்டப் பிரிவை நாடாளுமன்றம் 2023-இல் நீக்கியதையும் சொன்னார்கள். எங்கள் குழுவில் ஒருவர் போலீசுக்குப் பயந்தே மகளைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்தார். அவரிடம் இதைச் சொல்ல முடிந்ததே இந்தக் கட்டணத்துக்கு ஈடு.

இனி என் பெரிய மனக்குறை, மொழி. பயிற்சி ஆங்கிலத்திலும் மலாயிலும் நடக்கிறது. எனக்குப் புரிந்தது, பிரச்சினை அது இல்லை. நாங்கள் குழு நடத்துவது தமிழில். உணர்ச்சிகளைச் சொல்ல உதவும் அட்டைகள் என்று ஒரு கட்டு கொடுத்தார்கள், எல்லாம் ஆங்கிலச் சொற்கள். ‘இப்போது உங்கள் உணர்வு என்ன?’ என்று எங்கள் குழுவில் கேட்டால் ‘என்ன செய்யறது, விதி’ என்பார்கள். ‘நெஞ்சு அடைக்குதா, வயிறு எரியுதா, மனசு பாரமா இருக்கா?’ என்று கேட்டால்தான் பேச்சு வரும். நம்மவர்களுக்கு எல்லாம் உடம்பில்தான் தெரியும். தமிழில் கையேடு தருவதாக விளம்பரத்திலேயே சொல்லியிருந்தார்கள். பயிற்சி முடிந்து நான்கு மாதம் கழித்து வந்தது. கணினியில் போட்டு அப்படியே எடுத்த மொழிபெயர்ப்பு, இரண்டு பக்கத்துக்கு மேல் படிக்க முடியவில்லை. திருத்தி அனுப்பினேன், இன்னும் பதில் இல்லை.

அதனால் நானே அட்டை செய்தேன். மணிலா அட்டை வாங்கி, வெட்டி, தடித்த பேனாவால் 32 சொற்கள். ஏக்கம், சலிப்பு, நிம்மதி, பொறாமை, குற்ற உணர்ச்சி, வைராக்கியம், மனத்தாங்கல், இயலாமை, ஆற்றாமை. எழுதப் படிக்கத் தெரியாத இரண்டு பாட்டிகளுக்காகப் பின்பக்கம் படமும் வரைந்தோம். முதல் முறை மேசையில் பரப்பியபோது ஆற்றாமையை மூன்று பேர் ஒரே நேரத்தில் எடுக்கக் கை நீட்டினார்கள். ஒருவர் கேட்டார், ‘இதுல இன்னொண்ணு இல்லையா?’ இப்போது ஆற்றாமை மட்டும் நான்கு அட்டை வைத்திருக்கிறேன்.

இன்னொரு குறை, முடிவு பற்றிய பாடம். குழு வளரும் கட்டங்களை 1965-இல் புரூஸ் டக்மன் நான்காகச் சொன்னார், 1977-இல் கலையும் கட்டத்தை ஐந்தாவதாகச் சேர்த்தார்கள். அந்த ஐந்தாவதுக்கு இங்கே ஒதுக்கியது அரை மணி நேரம். அதுவும் திட்டமிட்டு முடிக்கும் குழுக்களுக்கு. எங்கள் குழு முடிவதில்லை, ஆனால் நாற்காலி காலியாகிறது. வீட்டில் நோயாளி இறந்ததும் கவனித்துக்கொண்டவர் வருவதை நிறுத்திவிடுகிறார், அடுத்த வாரம் மற்றவர்கள் அந்த இடத்தைப் பார்க்காமல் பார்க்கிறார்கள். நான் இதைக் கேட்டபோது நேரம் முடிந்துவிட்டது. தமிழ்ப் பயிற்சியாளர் தன் மதியச் சாப்பாட்டு நேரத்தை விட்டு என்னோடு உட்கார்ந்தார். அவர் சொன்னபடிதான் இப்போது செய்கிறோம்: ஒரு கூட்டத்துக்கு அந்த நாற்காலியை எடுப்பதில்லை, தொடக்கத்தில் போனவரின் பெயரைச் சொல்கிறோம், விருப்பமுள்ளவர் ஒரு ஞாபகம் சொல்கிறார், துக்கத்தில் இருப்பவருக்கு நான் அழைத்து, ‘எப்ப வேணும்னாலும் வாங்க, இடம் இருக்கு’ என்று சொல்கிறேன். போன மாதம் ஒருவர் கருமாதி முடிந்து திரும்பி வந்தார். ஆனால் இதைச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவருக்குச் சொல்வதாக வைக்காமல், 14 பேருக்கும் அரை நாள் பாடமாக வைத்திருக்க வேண்டும்.

பயிற்சி முடிந்த பிறகு மாதம் ஒரு முறை, மாலை இரண்டு மணி நேரம், ஐந்து பேராகக் கூடி நம் குழுவில் நடந்ததைப் பேசும் மேற்பார்வைக் கூட்டம். முதல் மூன்று கட்டணத்திலேயே அடங்கும், பிறகு ஒன்றுக்கு 60 வெள்ளி. நான் விடாமல் போகிறேன். ஆறு சனிக்கிழமையில் பாதியைக் குறைத்துவிட்டு இதை ஒரு வருடம் வைத்தாலும் நான் சம்மதிப்பேன். கற்றது எல்லாம் மூன்று வாரத்தில் பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது, அடுத்த மாதம் கிள்ளான் தம்பி கேட்பார், ‘அக்கா, கோடு போட்டுப் பாத்தீங்களா?’

யார் போகலாம் என்றால், ஏற்கெனவே ஒரு குழுவை ஆறு மாதமாவது நடத்தியவர்கள். குழுவே இல்லாமல் சான்றிதழுக்காக வந்த இருவருக்குச் செய்து பார்க்க இடமில்லாமல் போனது, பாவம். முதலாளி வழியாக வருபவர்கள் எச்ஆர்டி கார்ப் என்ற ஊழியர் பயிற்சி நிதியில் கோர முடியுமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். எங்களைப் போன்ற தன்னார்வலர்களுக்கு அந்த வழி இல்லை, பதிவின்போதே தள்ளுபடி கேளுங்கள், எனக்கு 150 வெள்ளி குறைத்தார்கள்.

நடத்துபவர்கள் இதைப் படித்தால் இரண்டு வேண்டுகோள். முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏற முடியாமல் முதல் வாரத்திலேயே நின்றுவிட்ட ஓர் அம்மாவை எனக்குத் தெரியும், கீழ்த்தளத்தில் ஓர் இடம் பாருங்கள். அப்புறம், ஆண்டுக்கு ஒரு முறையாவது முழுக்கத் தமிழில் நடத்துங்கள். 32 சொற்களின் அட்டைகளும் என்னிடம் தயாராக இருக்கின்றன, ஆற்றாமை நான்கு.